மாதிரிப் போர்க்கப்பல் ஏன் சாய்கிறது, ஏன் மூழ்குகிறது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ரேடியோவால் இயக்கும் மாதிரிப் போர்க்கப்பல்களை மோதவிடும் பொழுதுபோக்கு அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியில் வளரத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கடலில் இருந்த கப்பல்களை 1:144 அளவில் கட்டி, பக்கங்களைப் பால்சா என்னும் மிக இலேசான மரத்தின் மெல்லிய தகட்டால் போர்த்தி, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் சிறு எஃகு உருண்டைகளைச் சுடும் பீரங்கிகளை உள்ளே பொருத்துகிறார்கள். உருண்டை பால்சாவைத் துளைத்தால் தண்ணீர் உண்மையாகவே உள்ளே வருகிறது. பம்பால் அதை வெளியேற்ற முடியாத கப்பல் உண்மையாகவே மூழ்குகிறது.

சென்னையில் இத்தகைய கப்பலைக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் மின்னணுவியலோ கணினியோ பழகியவர்கள். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் மல்டிமீட்டரை எடுப்பதும், அடுத்த நாளே ரிச்சி தெருவுக்குச் சென்று கப்பலுக்குள் ரேடியோ அலையைப் பெறும் ரிசீவரைப் புதிதாக வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. என் அனுபவத்தில் இந்த வரிசை தலைகீழானது. முதலில் எடையையும், அடுத்துக் கப்பலுக்குள் தண்ணீர் செல்லும் பாதையையும், அவை இரண்டும் சரியென்று உறுதியான பிறகே மின்சாரத்தையும் சோதிக்க வேண்டும். கீழே உள்ள அறிகுறிகளும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

எடுத்துக்காட்டாக எம்டன் கப்பலைக் கொள்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியக் கப்பல் என்பதால் நம் ஊரில் பலரும் முதலில் கட்ட விரும்புவது அதைத்தான். மேலும், சிறிய கப்பலில் ஒவ்வொரு குறையும் பெரிதாகத் தெரியும் என்பதால் கற்றுக்கொள்ளவும் அது ஏற்றது. உண்மைக் கப்பலின் நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், எடை 3,664 டன். 144ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் 82 செ.மீ., அகலம் 9.4 செ.மீ. எடையை மட்டும் 144இன் மும்மடிப் பெருக்கத்தால், அதாவது ஏறத்தாழ முப்பது லட்சத்தால் வகுக்க வேண்டும். அப்போது கிடைப்பது 1.23 கிலோ மட்டுமே. பேட்டரி, மோட்டார், பம்பு, சுக்கானைத் திருப்பும் சர்வோ, உடற்பகுதி ஆகிய அனைத்தும் அந்த 1.23 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

சோதனைக்கு ஏரி தேவையில்லை. மொட்டைமாடியில் செங்கற்களைச் செவ்வகமாக அடுக்கி, மேலே தார்பாலின் விரித்து, ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் போதும். இங்கே நான் குறிப்பிடும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை அந்தத் தொட்டியிலேயே செய்துவிடலாம்.

தண்ணீரில் விட்டதும் நீர்மட்டக் கோடு மூழ்கிவிடுகிறது

கப்பலை முழுவதுமாகப் பொருத்திய நிலையில் சமையலறைத் தராசில் நிறுத்துங்கள். கணக்கிட்ட எடையைவிட 100 கிராம் கூடியிருந்தாலும் எம்டன் போன்ற கப்பலில் அது எட்டு விழுக்காட்டுக்கு மேல் வரும். கோடு மூழ்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். கூடுதல் எடை பெரும்பாலும் எபாக்ஸியில்தான் ஒளிந்திருக்கும். இணைப்புகளை ஒட்டுவதற்கு மட்டும் வேண்டிய பசையை உள்புறம் முழுவதும் பூசிவிடுவதும், ஓட்டைகளை எம்-சீலால் தாராளமாக அடைப்பதும் வழக்கம். பேட்டரியைச் சிறிதாக்குவதற்கு முன் அவற்றைச் சுரண்டி எடுங்கள்.

முட்டுக்காடு போன்ற உவர்நீர்ப் பகுதியில் சரியாக மிதந்த கப்பல் நன்னீரில் சற்றுத் தாழ்ந்து மிதப்பது கோளாறன்று. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தியானது, 1.23 கிலோ கப்பலுக்கு அந்த வேறுபாடு 30 கிராம் கூடுதல் சுமையை ஏற்றியதற்குச் சமம். எனவே நீர்மட்டக் கோட்டை எப்போதும் நன்னீரிலேயே குறியுங்கள்.

வெறும் கப்பல் நிமிர்ந்து நிற்கிறது. சிறிது தண்ணீர் புகுந்ததும் ஒரேயடியாகக் கவிழ்கிறது

இந்தப் பொழுதுபோக்கில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இதுவே. கப்பல் கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் பம்பு போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் பெரிய பம்பை வாங்குகிறார்கள். கவிழ்ந்த நேரத்தில் உள்ளே இருந்த தண்ணீர் கப்பலை மூழ்கடிக்கும் அளவுக்கு இருந்ததா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரே ஒரு கப்பலைக் கவிழ்க்கப் போதும், அது தடையின்றி அகலவாக்கில் ஓட முடியுமானால்.

தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி இரு கைகளிலும் ஏந்தி நடப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: சற்றுச் சாய்ந்தாலும் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். கப்பலுக்குள்ளும் நடப்பது இதுவே. தண்ணீரின் அளவைவிட அதன் மேற்பரப்பின் அகலமே இங்கே முக்கியம். ஏனெனில் நிமிர்ந்து நிற்கும் திறனில் ஏற்படும் இழப்பு அந்த அகலத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. எம்டனின் உள்ளே 60 செ.மீ. நீளத்துக்கு, 8 செ.மீ. அகலத்துக்குத் தண்ணீர் தடையின்றிப் பரவினால், மெட்டாசென்டர் உயரத்தில், அதாவது கப்பல் நிமிர்ந்து நிற்கும் திறனைக் காட்டும் அளவில், ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 2 செ.மீ. இத்தகைய மாதிரியில் அந்த உயரமே ஒரு செ.மீ.க்குக் குறைவாக இருப்பதால் கப்பல் கவிழாமல் வேறென்ன செய்யும்?

அதே தண்ணீரை 2.5 செ.மீ. அகலமுள்ள நடுவாய்க்காலில் மட்டும் ஓடும்படி கட்டுப்படுத்தினால் இழப்பு முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடுகிறது. எனவே மருந்து, பெரிய பம்பன்று, வாய்க்கால். கப்பலின் அடித்தளத்தில் இரு பக்கங்களையும் தண்ணீர் உறிஞ்சாத, மூடிய துளைகளுள்ள நுரைப்பலகையால் நிரப்பி, நடுவில் மட்டும் முன்முனையிலிருந்து பம்பு வரை ஒரே சரிவாக ஓடும் பாதையை விடுங்கள். நுரைப்பலகையின் மேல்முகம் நடுவை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். தட்டையாக விட்டால் அதன் மீதே தண்ணீர் தேங்கி மீண்டும் அகலமான பரப்பை உண்டாக்கும். பேட்டரியை வாய்க்காலுக்கு நடுவில் வைத்து வழியை அடைத்துவிடுவதையும் அடிக்கடி காண்கிறேன். பேட்டரி நடுக்கோட்டில் தாழ்வாக இருப்பது நல்லதுதான். ஆனால் அதன் அடியில் தண்ணீர் ஓடச் சிறு கால்கள் வைத்து உயர்த்துங்கள்.

வாய்க்கால் அமைத்த பிறகு கப்பலின் நிலைப்பாட்டை அளந்து எழுதி வையுங்கள். மேல்தளத்தில் ஒரு சிறு கம்பத்தை நட்டு, அதிலிருந்து 20 செ.மீ. நூலில் ஊசியைத் தொங்கவிட்டு, கீழே ஓர் அளவுகோலை ஒட்டுங்கள். 20 கிராம் எடையை நடுக்கோட்டில் வைத்து, பிறகு 4 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஊசி 17 மி.மீ. நகர்ந்தால் சாய்வு ஏறத்தாழ 5 பாகை. மெட்டாசென்டர் உயரம் ஏழரை மி.மீ. அளவில் உள்ளது. ஊசி அதைப்போல் இரண்டு மடங்கு நகர்ந்தால் உயரம் பாதியாகிவிட்டது என்று பொருள். மேலே உள்ள எடைகளைக் கீழே இறக்க வேண்டும். சாய்வை அளக்கக் கைப்பேசியைத் தளத்தில் வைக்காதீர்கள். அதன் எடை கப்பலின் எடையில் ஆறில் ஒரு பங்கு வரை வரும் என்பதால் அது காட்டும் விடைக்குப் பொருளில்லை. அடுத்து 100 மி.லி. தண்ணீரை உள்ளே ஊற்றி இதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். இரண்டு அளவுகளும் நெருங்கியிருந்தால் வாய்க்கால் தன் வேலையைச் செய்கிறது.

பம்பு ஓடும் ஓசை கேட்கிறது. தண்ணீர் வெளியே வரவில்லை, அல்லது மெல்லிதாகச் சொட்டுகிறது

ஓசை கேட்பதால் மின்சாரம் வருகிறது என்பது உறுதி. எனவே கம்பிகளை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். இத்தகைய கப்பல்களில் உள்ளது மையவிலக்குப் பம்பு. அது காற்றை உறிஞ்சித் தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளாது. அதன் இறக்கை தண்ணீரில் மூழ்கியிருந்தால் மட்டுமே தள்ளும். கப்பல் தொட்டியில் நிமிர்ந்திருக்கும்போது பம்பு இருக்குமிடம் தாழ்வாகத் தோன்றலாம். ஆனால் முழு வேகத்தில் செல்லும்போது பின்பகுதி இறங்கி முன்பகுதி உயர்வதால் தண்ணீர் வேறிடத்தில் தேங்கும். ஓடும் கப்பலில் எங்கே தேங்குகிறது என்பதைப் பார்த்த பிறகே பம்பின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்து வடிகட்டி. உருண்டை துளைத்த பால்சாவின் சிம்புகளும், தகட்டின் மேல் ஒட்டிய மெல்லிய தாளின் துணுக்குகளும் முதலில் வந்து சேரும் இடம் அதுவே. வடிகட்டியின் பரப்பு பம்பின் வாயைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். பாதி அடைபட்டாலும் மீதி வேலை செய்யும். மூன்றாவது, வெளியேற்றும் குழாய். தளத்தை மூடும்போது மடங்கி நெரிபடும் குழாயைத் தளத்தைத் திறந்து வைத்துச் சோதித்தால் ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் பம்பு நின்றதும் அதே வழியாகத் தண்ணீர் உள்ளே திரும்பும்.

இவை யாவும் சரியாக இருந்தும் ஓட்டம் குறைவாக இருந்தால் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முனைகளில் மின்னழுத்தத்தை அளவிடுங்கள். பேட்டரி முனையில் 6 வோல்ட்டும் பம்பு முனையில் 5 வோல்ட்டும் காட்டினால் இடையிலுள்ள கம்பி மெல்லியது, அல்லது இணைப்பு துருப்பிடித்தது. நம் கடலோரக் காற்றில் பித்தளை முனைகள் ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பூத்துவிடுவது இயல்பு.

புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் கார் கண்ணாடி கழுவும் பம்பைப் பலர் பொருத்துகிறார்கள். அதை நான் பரிந்துரைப்பதில்லை. குறைந்த அளவு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதற்கென்று செய்த கருவி அது. நமக்கு வேண்டியதோ அளவு.

எவ்வளவு அளவு வேண்டும் என்பதைக் கணக்கிடவும் முடியும். 4.5 மி.மீ. உருண்டை நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே ஒரு துளை போட்டால், அதன் வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 440 மி.லி. தண்ணீர் உள்ளே வரும். பால்சாவின் விளிம்பு பிசிராக இருந்தால் சற்றுக் குறையலாம். எம்டனின் மொத்த எடையே 1.23 கிலோ என்பதை நினைவில் கொண்டால், பம்பு இல்லாத நிலையில் ஒரே துளை மூன்று நிமிடங்களுக்குள் கப்பலின் எடைக்கு இணையான தண்ணீரைக் கொண்டுவந்துவிடும். ஐந்து துளைகளைத் தாங்க வேண்டுமானால் பம்பு, கப்பலுக்குள் பொருத்திய நிலையில், நிமிடத்துக்கு 2.2 லிட்டர் தள்ள வேண்டும். வாளியையும் கடிகாரத்தையும் வைத்து அளந்து பாருங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட எண் குழாயும் வடிகட்டியும் இல்லாத நிலைக்கு உரியது. பல சங்கங்கள் வெளியேற்றும் துளையின் விட்டத்தை விதியால் கட்டுப்படுத்துவதால் வரம்பின்றிப் பெரிதாக்கவும் இயலாது.

துளையே இல்லை, ஆனாலும் உள்ளே தண்ணீர் சேர்கிறது

பெரும்பாலும் புரொப்பெல்லர் தண்டு செல்லும் குழாய்தான் காரணம். கப்பலை நிறுத்தி வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்; பிறகு மோட்டாரை ஓடவிட்டுப் பாருங்கள். நிற்கும்போது வறண்டு, ஓடும்போது மட்டும் கசிந்தால் தண்டு வளைந்துள்ளது, அல்லது மோட்டாரும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அந்த அதிர்வு கிரீஸை வெளியே தள்ளிவிடுகிறது. கிரீஸை மட்டும் மீண்டும் நிரப்பினால் சில நாட்களே தாங்கும். நேர்கோட்டைச் சரிசெய்த பின்னர், தண்ணீரில் கரையாத கடல்வகை கிரீஸை நிரப்புங்கள். நிற்கும்போதும் கசிந்தால் குழாயும் உடலும் சேரும் இணைப்பைச் சந்தேகியுங்கள்.

ஓட ஓட வேகம் குறைகிறது, மோட்டார் சுடுகிறது

தண்டை விரலால் சுழற்றிப் பாருங்கள். நம் ஏரிகளில் வேலம்பாசியும் ஆகாயத்தாமரை வேர்களும் புரொப்பெல்லருக்கும் குழாய்க்கும் இடையே நூல்போல் இறுகச் சுற்றிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. அது இல்லையென்றால் புரொப்பெல்லர் மோட்டாருக்குப் பெரிதாக இருக்கலாம். மே மாத வெயிலில் மூடிய தளத்துக்குள் காற்றோட்டம் இல்லாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தன்னைக் காத்துக்கொள்ளவே மின்னோட்டத்தைக் குறைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நேராகச் செல்லவில்லை, அல்லது சுக்கான் திருப்பியும் திரும்பவில்லை

எம்டனுக்கு இரண்டு புரொப்பெல்லர்கள். இரண்டும் ஒரே திசையில் சுழன்றால் கப்பல் ஒருபக்கம் இழுக்கும். ஒன்று இடச்சுழியாகவும் மற்றது வலச்சுழியாகவும் இருக்க வேண்டும். திரும்பாத சிக்கலுக்குக் காரணம் வேறு: இரு புரொப்பெல்லர்கள் தள்ளும் நீரோட்டத்துக்கு நடுவே ஒற்றைச் சுக்கான் இருப்பதால் அதன் மீது வேகமான நீர் படுவதில்லை. விதி அனுமதிக்கும் வரை சுக்கானின் பரப்பைக் கூட்டுங்கள். போதவில்லையெனில், திரும்பும்போது உள்பக்க மோட்டார் மெதுவாகும்படி டிரான்ஸ்மிட்டரில் கலப்பு அமைத்துக்கொள்ளுங்கள்.

சில நொடிகள் எல்லாமே செயலிழந்து, பின்னர் தானாக உயிர்பெறுகிறது

சுக்கானை முழுவதும் திருப்பும்போது இது நிகழ்ந்தால் அது ரேடியோவின் குறையன்று. சர்வோ முட்டி நிற்கும்போது அதிக மின்னோட்டத்தை இழுப்பதால் ரிசீவருக்குச் செல்லும் மின்னழுத்தம் சரிந்து, அது அணைந்து மீண்டும் தொடங்குகிறது. சுக்கானின் அசைவெல்லையைக் குறைத்து, ரிசீவருக்குத் தனி மின்வழங்கியைக் கொடுத்தால் தீரும்.

கரையிலிருந்து விலகியதும் நிகழ்ந்தால் ஆன்டெனாவைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் மிகக் குறைந்த தொலைவே செல்லும். உவர்நீரில் அதுவும் இல்லை. ஆன்டெனாவின் முனை நீர்மட்டத்துக்கு மேலே, பேட்டரியும் வாயுக் குப்பியும் மறைக்காத இடத்தில், முடிந்தால் கம்பத்திலோ புகைபோக்கியிலோ இருக்க வேண்டும். கட்டுப்படுத்துபவர் குனிந்து உட்காராமல் நின்று இயக்குவதும் பயன் தரும். மோட்டார் வேகம் கூடும்போது மட்டும் சர்வோ நடுங்கினால், தூரிகை (பிரஷ்) வகை மோட்டாரின் முனைகளில் 104 எனக் குறித்த செராமிக் கெபாசிட்டர்களைப் பற்றவையுங்கள்.

தொடர்பு அறுந்தால் கப்பல் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்பே அமைத்துவிடுங்கள்: மோட்டார் நிற்க வேண்டும், பீரங்கி மூடியிருக்க வேண்டும், பம்பு மட்டும் ஓட வேண்டும்.

பீரங்கி சுடவில்லை, வலுவிழந்து சுடுகிறது, அல்லது உருண்டைகள் தாமாக உதிர்கின்றன

பீரங்கி பொருத்திய கப்பலைப் பொது ஏரியில் இறக்கவே கூடாது. மண்கரை சூழ்ந்த தனியார் குளத்தில், உரிமையாளரின் அனுமதியோடும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே தெரிவித்தும், அங்கிருக்கும் ஒவ்வொருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த நிலையில் மட்டுமே சுட வேண்டும். கை கப்பலை நெருங்கும் முன் வாயுவை வெளியேற்றி, பூட்டு ஊசியைச் செருகுங்கள். இதில் விலக்கு எதுவும் இல்லை.

முதல் சில சுடுகள் வலுவாக இருந்து பின்னர் தளர்ந்தால் குப்பி குளிர்ந்துவிட்டது என்று பொருள். திரவக் கார்பன் டை ஆக்சைடு ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் அழுத்தம் சரியும். சற்று நேரம் காத்திருந்தால் மீளும். நமக்கு உரிய ஆபத்து இதற்கு எதிர்ப்பக்கம் உள்ளது. 31 பாகை செல்சியஸுக்கு மேல் இந்த வாயு திரவமாக நிலைத்திருக்க முடியாது; மூடிய குப்பியில் அதற்குமேல் வெப்பம் ஏறும்போது அழுத்தம் செங்குத்தாக உயரும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதிப் பகற்பொழுது அந்த எல்லைக்கு மேலேதான் உள்ளது. குளிர்நாட்டு வழிகாட்டிகள் சொல்லும் அளவுக்குக் குப்பியை நிரப்பி, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் பாதுகாப்புத் தகடு வெடித்துத் திறக்கும். குப்பியை எப்போதும் எடைபோட்டு, பொறித்த அளவுக்குக் குறைவாகவே நிரப்பி, நிழலில் வையுங்கள்.

கசிவைச் சோப்புநீரால் கண்டறியலாம். இணைப்புகளை அடைக்கும் சாதாரண நைட்ரைல் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இந்த வாயுவில் ஊறி வீங்கும்; பாலியுரேத்தேன் ரிங் நீடித்து உழைக்கும். உருண்டைகள் தாமாக உதிர்ந்தால் குழலில் உருண்டையைப் பிடித்து நிறுத்தும் சிறு ரிங் தேய்ந்துள்ளது. சிக்கி நின்றால் துருவே காரணம். ஒருமுறை தண்ணீர் பட்ட உருண்டைகளை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

மூழ்கிய கப்பலை மீட்டுக் காயவைத்த பிறகும் இயங்கவில்லை

மூழ்கும்போது தானாக மேலே வரும் மிதவையும் நூலும் இருந்தால் மீட்பு எளிது. கரைக்கு வந்ததும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஈரச் சுற்றில் செம்புத் தடங்கள் விரைவில் அரித்துப்போகும். அடுத்து, கருவிகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஈரமானதை மீண்டும் நனைப்பதா என்று தயங்க வேண்டாம். பலகையில் தங்கும் உப்பும் சேறும் தண்ணீரைவிடக் கேடானவை. அதன் பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நிழலில் மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாட்கள் விடுங்கள். சர்வோவின் உள்ளே தங்கும் நீர் வெளியேற அடிமூடியைத் திறந்தே வைக்க வேண்டும். காய்ந்த பிறகும் ஒரு கருவி இயங்கவில்லையென்றால், முனைகளைத் தூரிகையால் தேய்த்து, ஒவ்வொன்றாகத் தனி மின்வழங்கியில் இணைத்துச் சோதியுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்தால் பழுதான ஒன்று நல்லதையும் கெடுக்கும்.

உவர்நீரில் மூழ்கிய லித்தியம் பாலிமர் பேட்டரியை மட்டும் காயவைத்துச் சார்ஜ் செய்ய முயலாதீர்கள். அது உப்பியிருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு பெறுவோரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.